ரத்தம் பார்த்தால் உங்களுடையது

எங்கள் வட்டாரத்தில் காட்டுப்பன்றியைச் சபிக்காத விவசாயி கிடையாது. விதைத்த சோளக்கொல்லையை ஒரே இரவில் ஏர் பூட்டியதுபோலக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். விவசாயிகள் பொறிவைத்துப் பிடித்த பன்றிகளை வண்டியில் ஏற்றிவந்து, ஆள் உயரத்துக்கும் மேலான கம்பிவேலிக்குள் இறக்கிவிட்டு, வேளை தவறாமல் சோளம் போட்டு வளர்க்கிற இடம் பிரிட்சர்ட் பண்ணை. டாலஸ், ஹூஸ்டன் பக்கத்து ஆட்கள் வில்லும் அம்புமாக வந்து அவற்றை வேட்டையாடிவிட்டுப் போவார்கள். தாங்கள் நிற்பது காடுதான் என்று அவர்களை நம்பவைப்பது ஆர்லன் வீடனின் வேலை.

ஆர்லன் இந்த ஊரிலேயே பிறந்தவர். அறுபதை நெருங்குகிற, ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் லூத்தரன் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை ஏந்தி வருவார். இளவயதில் அங்கோரா ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தவர். அந்த ரோமத்தை யாரும் சீந்தாமல் போனபிறகு பன்றிக்கு வந்துசேர்ந்தார். ஆட்டைவிடப் பன்றி மேல் என்பார். ஆட்டுக்கு நடிக்கத் தெரியாதாம்.

நடிப்பில் பெரும்பங்கு அவருடையதுதான். பண்ணை அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனால் வேட்டைக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் வளைந்து வளைந்து போகும்போது, அதே கருவாலி மரம் வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை வரும். "அப்பா, எவ்வளவு பெரிய இடம்!" என்பார் வந்தவர். ஆர்லன் வண்டியை நிறுத்தி, மண்டியிட்டு, ஒரு குச்சியால் பன்றி விட்டையைக் கிளறி, "இன்னைக்கு விடியக்காலைல இந்த வழியாப் போயிருக்கு" என்று கிசுகிசுப்பார். சொல்வது உண்மை. விடியற்காலையில் அதற்குச் சோளம் கொட்டியவரே அவர்தான்.

நான் அந்தப் பண்ணை அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறேன். என் அம்மா ஒஃபேலியா அங்கே சமையல். அம்மா பேசுவது ஸ்பானிஷ். ஆங்கிலமும் வரும். வரும் என்று ஒப்புக்கொள்ளத்தான் மாட்டாள். அதனால் எல்லோருக்கும் நடுவில் நான் நின்று இந்தப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பேச்சை இந்தப் பக்கமும் கடத்திக்கொண்டிருப்பேன். அப்படித்தான் இந்தக் கதையும் எனக்கு முழுதாகக் கிடைத்தது.

அலுவலகச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. "ரத்தம் பார்த்தால் உங்களுடையது." அம்பு பட்டு ஒரு சொட்டு ரத்தம் வந்துவிட்டால் போதும். பன்றி ஓடி எங்காவது மறைந்து, கடைசிவரை கிடைக்காமலே போனாலும், அது அந்த வேட்டைக்காரர் கொன்ற பன்றி. இதோடு இன்னொரு வழக்கமும் உண்டு. முதல்முறை வேட்டையாடியவரின் இரண்டு கன்னங்களிலும் வழிகாட்டி தன் விரலால் அந்த ரத்தத்தைப் பூசுவார். பெரிய பெரிய மனிதர்கள் அந்த நேரத்தில் கண்கலங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு புகைப்படம்.

போன கோடையில் எங்கள் பண்ணையின் பெருமை ஒரு கறுத்த பன்றி. குட்டியாக வந்தபோது ஆர்லனே அதற்குக் காயடித்து, அடையாளத்துக்கு வலது காதில் ஒரு வெட்டும் போட்டிருந்தார். காயடித்த பன்றிக்கு வேறு கவலை ஏது? கொழுத்து ஒரு குளிர்பதனப் பெட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. மரத்தில் கட்டிய கேமராவில் அது பதிவானதும், முதலாளி பிரிட்சர்ட் படத்தை இணையத்தில் போட்டார். டாலஸில் கார் கழுவும் நிலையங்கள் வைத்திருக்கிற ட்ரெண்ட் மேப்ரி என்பவர் அன்றைக்கே என்னிடம் தொலைபேசியில் பேசினார். "வேற பன்றி எதுவும் வேண்டாம். எனக்கு இதுதான் வேணும்."

பன்றிக்கு வேறு திட்டம் இருந்தது.

ஆர்லனின் சொந்த நிலம் பண்ணையை ஒட்டியதுதான். நடுவில் வேலியும், வேலியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற ஒரு வறண்ட ஓடையும். அந்தப் பக்கம் அவர் மனைவி நெல்டா தர்பூசணி போட்டிருந்தார். ஆகஸ்டில் நடக்கிற மாவட்டச் சந்தைப் போட்டியில் ஒவ்வொரு வருடமும் போதகரின் மனைவியே தர்பூசணிக்கு முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். அதையும் அவர் அடக்கமாக வாங்கிக்கொண்டதுதான் நெல்டாவுக்குப் பொறுக்கவில்லை. இந்த வருடம் கொடியில் ஒரு காய் நெல்டாவே நம்பமுடியாத அளவுக்குப் பெருத்தது. அதற்கு வைக்கோல் மெத்தை போட்டார். வெயில் படாமலிருக்க வெள்ளைப் படுக்கைவிரிப்பு போர்த்தினார். ஆர்லனின் நல்ல விரிப்பு அது.

ஒரு நாள் காலையில் ஆர்லன் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நெல்டா கொல்லையிலிருந்து வந்து நின்றார்.

"உன் பன்றி வந்துட்டுப் போயிருக்கு. சின்னக் காய் நாலு காலி."

"என் பன்றியா? என் வேலியைத் தாண்டி ஒரு எலிகூட வெளிய போகாது, நெல்டா."

"எலி போகல. நீ காதுல வெட்டுப் போட்டியே, அது போகுது. என் கண்ணால பார்த்தேன்."

"காது கிழிஞ்ச பன்றி ஊர்ல எத்தனையோ இருக்கும்."

"அப்படியா? அப்ப இன்னைக்கு வந்தா சுட்டுடறேன்."

ஆர்லன் காப்பியைக் கீழே வைத்தார். "ஐயையோ, வேண்டாம்! அது மேப்ரிக்குச் சொல்லிவெச்சது!"

"ஆக, உன் பன்றிதான்" என்றார் நெல்டா. பிறகு நிதானமாகச் சொன்னார். "நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பெரிய காய் சந்தை மேசைல உட்காரலைன்னா நான் அபிலீன்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீயும் உன் பன்றியும் குடும்பம் நடத்துங்க."

நெல்டா சொன்னால் செய்கிறவர். ஆர்லன் ஓடைக்குப் போய்ப் பார்த்தார். வெள்ளம் வந்தால் விலகிக்கொடுக்கட்டும் என்று ஓடையின் குறுக்கே தொங்கவிட்டிருந்த கம்பித் தட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் சறுக்குமரம்போல வழவழப்பாக ஒரு பள்ளம். தடங்கள் இரண்டு பக்கமும் போயின. அந்தப் பன்றி தப்பித்துப் போகவில்லை. அந்தி சாய்ந்ததும் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு, விடிவதற்குள் திரும்பிவந்து, ஒருவரும் நுழையமுடியாத செடார் புதருக்குள் பகலெல்லாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பிரிட்சர்ட் செலவழித்துப் போட்ட வேலி அதன் படுக்கையறைக்குக் காவல். ஆர்லன் பள்ளத்தில் கல்லை அடைத்தார். அது பக்கத்தில் தோண்டியது. கம்பியால் கட்டினார். கம்பியைப் பிய்த்துப் போட்டது.

இந்த நிலையில் மேப்ரி வந்து இறங்கினார். உடம்பெல்லாம் இலை அச்சடித்த உடுப்பு. கப்பிகளும் கம்பிகளுமாக, ஏதோ இயந்திரம்போல ஒரு வில். இரண்டு நாள் சோளப் பீப்பாய்க்கு எதிரே மறைவுக் கூண்டில் உட்கார்ந்திருந்தார். பீப்பாய் நேரத்துக்குச் சுழன்று சோளத்தை இறைத்தது. மான் வந்தது, முள்ளம்பன்றி வந்தது, வேறு பன்றிகள் குடும்பத்தோடு வந்தன. வயிறு நிறையத் தர்பூசணி தின்கிற பன்றி காய்ந்த சோளத்துக்கு எதற்கு வரப்போகிறது?

பிரிட்சர்ட் ஆர்லனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"என்னய்யா நடக்குது? நாளைக்கு அந்த ஆள் ஊருக்குப் போறார்."

"பன்றிக்குப் பசியில்ல, பாஸ்."

"அப்ப பசி வரவை. அவர் பன்றி இல்லாம டாலஸ் போனா, அவர் பின்னாலேயே நீயும் கிளம்பு."

ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் நெல்டா. இரண்டுக்கும் தீர்வு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்து மேய்கிறது என்று ஆர்லனுக்குத் தோன்றிவிட்டது. ஓடையில் அது பாய்ந்து ஓடுகிறது, அம்புக்கு நிற்காது. தின்னும்போதுதான் நிற்கும். அன்று சாயங்காலம் மேப்ரியை ஜீப்பில் ஏற்றி, கருவாலி மரத்தை வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, தட்டியைத் தூக்கிப் பிடித்து ஓடைவழியே கூட்டிப்போய், தன் சொந்தக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

மேப்ரி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆர்லன், இங்க வேலியையே காணோமே?"

"இது ஒதுக்குப்புறம், சார். எல்லாரையும் கூட்டிவர்றதில்ல."

"இதான்யா நிஜக் காடு! ஆமா, அதென்ன கயித்துல துணி?"

"மனுஷ வாடை பன்றிக்குப் பழகணும்ல, சார். அதுக்குத்தான்."

"அந்த வெள்ளையா இருக்கறது?"

"அதைப் பார்க்காதீங்க. அதுக்கு இந்தப் பக்கமா அடிங்க."

அந்தி மங்கியபோது பன்றி வந்தது. அவசரமில்லாமல், வாடிக்கையான ஓட்டலுக்குள் நுழைகிறவரைப்போல. சின்னக் காய்களைத் தாண்டி நேரே படுக்கைவிரிப்பிடம் போய், அதன் ஓரத்தை மூக்கால் தூக்கிற்று. மேப்ரி நாணை இழுத்தார். அம்பு போனது.

பன்றி துள்ளிற்று. ஒரு உறுமலோடு திரும்பி, கொடிகளை மிதித்துக்கொண்டு ஓடைக்கு ஓடி, பள்ளத்தில் சறுக்கி, வேலிக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

"பட்டுடுச்சு! ஆர்லன், பட்டுடுச்சு!"

படுக்கைவிரிப்பின் நடுவில் ஒரு சிவப்பு வட்டம் மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் அம்பு மண்ணில் குத்தி நின்றது. நுனிமுதல் இறகுவரை சிவப்பு. சொட்டிற்று. ஆர்லன் போய் அதைப் பிடுங்கி முகர்ந்துபார்த்தார். நிமிர்ந்தபோது பின்வாசலில் நெல்டா, கையில் பாத்திரம் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

எத்தனையோ வருடங்களாக ஆர்லன் வேட்டைக்காரர்களிடம் முழு உண்மை சொன்னதில்லை. அன்று சொன்னார். பிரிட்சர்டைவிட நெல்டா கிட்டே நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"சார், இது ரத்தம் இல்ல. இது என் பொண்டாட்டியோட தர்பூசணி."

மேப்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முகத்துல சிரிப்பே இல்லாம சொல்றீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க!"

"சத்தியமா, சார். மோந்து பாருங்க."

மேப்ரி அம்பை வாங்கி, கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்தார். "ஆகா! காட்டு வாடை!" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைக் காட்டினார். "ம், பூசுங்க. வழக்கத்தை விடக்கூடாது."

ஆர்லன் மறுபடியும் நெல்டாவைப் பார்த்தார். "பூசிவிடு, ஆர்லன்" என்றார் நெல்டா. "ஆசைப்படறார்ல." ஆர்லன் அம்பில் வழிந்ததைத் தொட்டுக்கொண்டார். இரண்டு விரலால் இரண்டு கன்னத்திலும் பூசினார். மேப்ரிக்குக் கண் கலங்கிற்று. புகைப்படம் எடுத்தபோது அவர் தாடையில் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருந்தது. எறும்பு வரத் தொடங்கியிருந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் ஆர்லன் பிரிட்சர்டைத் தனியே கூப்பிட்டு அதே உண்மையை அவரிடமும் சொன்னார். வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

"பாஸ், அது தர்பூசணி. நாங்க வேலிக்கு வெளிய—"

"நிறுத்து. நீங்க எங்க போனீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்." பிரிட்சர்ட் கண்ணாடிக் கதவு வழியாக மேப்ரியைப் பார்த்தார். அவர் முகத்தைக் கழுவ மறுத்து, என் அம்மாவிடம் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா எட்டி முகர்ந்துவிட்டு என்னிடம், "இந்த மனுஷன் பழம் தின்னுட்டு வாய் துடைக்கலையா?" என்று கேட்டாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. "அம்புல சிவப்பு. மூஞ்சில சிவப்பு," என்றார் பிரிட்சர்ட். "ரத்தம் பார்த்தா அவரோடது. பன்றி செத்தாச்சு." பிறகு கதவைத் திறந்து என்னிடம், "அதோட படத்தை இணையத்துலேர்ந்து எடுத்துடு" என்றார். நான் இணையத்திலிருந்து படத்தை எடுத்தேன். ஆர்லனின் வேலை பிழைத்தது.

வீட்டில் பின்வாசல் படியில் நெல்டாவின் பெட்டி தயாராக இருந்தது. பக்கத்தில் இரு பக்கமும் ஓட்டையான தர்பூசணி.

"மன்னிச்சுடு, நெல்டா" என்றார் ஆர்லன். "வேலையாவது போகல. அந்தப் பன்றி செத்துட்டதா பாஸ் சொல்லிட்டார்."

"செத்துடுச்சா? துள்ளிக்கிட்டு ஓடினதை நான் பார்த்தேனே."

"விதிப்படி செத்துடுச்சு."

நெல்டா பெட்டியின் பிடியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அதை இனி யாருக்கும் விக்கமுடியாது?"

"செத்ததை எப்படி விக்கறது?"

"நாளைக்குச் சாயங்காலம் அது என் கொல்லைக்கு வந்தா?"

"வராது. செத்துப்போச்சே."

"வந்தா, ஆர்லன்?"

"செத்த பன்றியைச் சுடக்கூடாதுன்னு பலகைல ஒண்ணும் எழுதல" என்றார் ஆர்லன். பிறகு, ஏதாவது உதவவேண்டுமே என்று, "என் வில்லை வேணா எடுத்துக்கறியா?" என்று கேட்டார்.

"எதுக்கு? நான் என்ன அதுகூட விளையாடவா போறேன்?"

மறுநாள் சாயங்காலம் நெல்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மேப்ரியின் பன்றி வந்தது. நெல்டா குழாயை மூடிவிட்டு, சோப்பு நுரையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் சாய்த்துவைத்திருந்த துப்பாக்கியை எடுத்து ஒரே ஒரு தடவை சுட்டார். மீதிப் பாத்திரத்தையும் கழுவி முடித்த பிறகுதான் வெளியே போனார். ஆர்லன் பழக்கதோஷத்தில் விரலை ரத்தத்தில் தொட்டுக்கொண்டு அவர் கன்னத்தை நோக்கி நீட்டினார்.

"கையை எடு. போய் கத்தியைத் தீட்டு."

சாசேஜுக்கு, அதாவது குடலில் அடைக்கிற கறிக்கு, இறைச்சி அரைக்க என் அம்மாவும் நானும் போயிருந்தோம். அம்மா காய்ந்த மிளகாய் போடவேண்டும் என்றாள். நெல்டா மிளகும் பூண்டும் போதும் என்றார். "இந்த சென்யோராகிட்ட, இது பன்றியா, இல்ல நோயாளிக்குப் பத்தியமான்னு கேளு" என்றாள் அம்மா. "என் மாமியாரே இப்படித்தான் செய்வாங்கன்னு சொல்லு" என்றார் நெல்டா. நான் இரண்டையும் சற்று மாற்றிச் சொன்னேன். கடைசியில் பாதிப் பாதி செய்தார்கள். காயடித்த பன்றியில் கவிச்சி இல்லை. கறியில் ஏதோ ஒரு மெல்லிய இனிப்பு.

சந்தையில் தர்பூசணிக்குப் போதகரின் மனைவி முதல் பரிசு வாங்கினார், அடக்கமாக. மேசையில் நெல்டாவின் காய் உட்காரவில்லை. சாசேஜ் பிரிவில் நெல்டாவுக்கு இரண்டாம் பரிசு. "என்ன தீவனம் போட்டீங்க?" என்று கேட்டார் நடுவர். "நான் எங்க போட்டேன்? அதுவா எடுத்துக்கிட்டது" என்றார் நெல்டா.

மேப்ரி இன்னமும் மாதம் ஒருமுறை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்கிறார். எலும்பாவது கிடைத்ததா, கோரைப்பல்லாவது கிடைத்ததா என்று கேட்பார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்கிறேன்.

சொன்னதைச் செய்கிற நெல்டா, சொன்னபடியே அபிலீனுக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். பெட்டி நிறையச் சாசேஜ் இருந்தது. அது தீர்ந்ததும் திரும்பிவந்துவிட்டார்.