நான்காவது கேள்வி

எங்கள் அவசரப் பிரிவில் அவருக்கு நாற்காலி அக்கா என்று பெயர். உயிரை விடத் துணிந்தவர்கள் வந்தால், பேசிப் பார்த்து, வீட்டுக்கு அனுப்பலாமா வார்டில் சேர்க்கலாமா என்று சொல்வது மனநல நர்ஸ்களான எங்கள் வேலை. நான் நின்றுகொண்டே படிவத்தை நிரப்புகிற அவசரக்குடுக்கை. அக்கா அப்படியில்லை. எங்கிருந்தாவது ஒரு நாற்காலியை இழுத்துவந்து, கட்டிலில் இருப்பவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே கூட்டம் நெரியும், டாக்டர் பல்லைக் கடிப்பார். அக்கா அசைந்து கொடுக்க மாட்டார்.

படிவத்தில் கேள்விகள் நிறைய உண்டு. அக்கா நம்பியது நான்காவதை மட்டும்தான்: அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்? முடிவெடுத்துவிட்டவர் இதற்கு முழிப்பார் என்பார். பல் டாக்டரைப் பார்க்கணும், சைக்கிளுக்கு செயின் மாத்தணும் என்று சில்லறை வேலைகளைச் சொல்பவரைத் தைரியமாக அனுப்பலாமாம். எனக்கு அது வேதவாக்கு.

அக்காவுக்குக் குடும்பம் என்றால் ஒரே தம்பிதான். கல்யாணம் முறிந்து, வேலையும் போய், அக்கா வீட்டோடு வந்துவிட்டவர். சாப்பிடும்போது அன்றைய கேஸ்களைப் பேர் சொல்லாமல் அவரிடம் சொல்வாராம். எதற்கும் வாய் திறக்காத மனிதர், இதை மட்டும் துருவித் துருவிக் கேட்பாராம். நம் புலம்பலைக் கேட்கவும் ஒரு ஆள் இருக்கிறானே என்று அக்கா எங்களிடம் பீற்றிக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தத் தம்பியைக் கையைப் பிடித்து அக்காவே கூட்டிவந்தார். தலையணைக்கு அடியில் கிடந்த கடிதம் இன்னொரு கையில் இருந்தது. எங்கள் சொந்தக்காரரே நோயாளியாக வந்தால் அவரை நாங்கள் விசாரிக்கக் கூடாது, அருகிலும் இருக்கக் கூடாது என்பது விதி. அக்கா கதவுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே போனேன். அக்காவின் தம்பியாயிற்றே என்று அன்றைக்கு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தம்பி நிதானமாகப் பேசினார். கடிதம் ஏதோ கோபத்தில் எழுதியது என்றார். நான்காவது கேள்விக்கு, சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அதை மாற்ற வேண்டும், அக்காவின் மூக்குக்கண்ணாடிக்குப் புது பிரேம் போட வேண்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்து, அனுப்பலாம் அக்கா என்றேன். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தம்பி போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அக்கா டியூட்டிக்கு வந்தார். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் தம்பியை நான் விசாரித்த அதே அறைக்கு என்னைக் கூப்பிட்டு, நான்காவதற்குத் தம்பி சொன்ன பதிலைக் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"குழாயை அதுக்கு முந்தின மாசமே மாத்திட்டானே," என்றார் அக்கா. "என்ன சொன்னா வீட்டுக்கு விடுவாங்கன்னு சாப்பாட்டோட சேர்த்து நான்தானே ஊட்டியிருக்கேன்."

என் மரமண்டையைச் சுவரில்தான் மோத வேண்டும். வீட்டில் குழாய் சொட்டுகிறதா என்று வெளியே நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விதியாம் விதி!

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்றார். குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

"அக்கா, அடுத்த வாரம் என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா முழித்தார்.

தோளிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தேன். அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, நாற்காலியை இழுத்து முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.