அந்த டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தது?

ஊசி போட்டீர்கள், பணம் வாங்கினீர்கள், ரூமைக் காலி செய்துகொண்டு போய்விட்டீர்கள். என்ன மருந்து என்று மட்டும் சொல்லவில்லை. உங்களிடம் கடைசியில் வருகிறேன். அதற்குள் என் கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளத்தை நிரப்புவது எங்கள் பிழைப்பு. ஃபில்லர் என்பார்கள். ஜெல் மாதிரி ஒரு மருந்தை மெல்லிய ஊசியால் பள்ளத்துக்குள் இறக்கி மேடாக்குவது. ஊசி என்னோடு கூட்டுச் சேர்ந்திருக்கிற டாக்டரம்மாவுடையது. தென்னூரில் இருக்கிற மாடி, அதன் வாடகை, வருகிறவர்களிடம் விலை பேசுகிற வாய், எல்லாம் என்னுடையவை. முதலில் அதே மாடியில் புருவம் திருத்தும் பார்லர் வைத்திருந்தேன். அதற்கும் முன்னால் பை நிறையப் பொட்டும் பவுடரும் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினவள். பேரம் பேச காந்தி மார்க்கெட்டில் கற்றுக்கொண்டேன். கோபப்பட யாரும் கற்றுத்தரவில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிற வாசகர்களுக்கு என் பாடு புரியும்.

பாதி விலை

பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர். அறுபதாம் கல்யாணம் வருகிறது, ஆல்பத்தில் சோர்ந்து தெரியக் கூடாது என்று வந்தார். விலையைச் சொன்னேன். போனை எடுத்து, தானும் மனைவியும் நிற்கிற படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். எல்லாவற்றிலும் மனைவி பக்கமாகவே முகத்தைத் திருப்பி நிற்கிறார். அன்பு என்று நினைத்தேன். வெண்டைக்காயை உடைத்துப் பார்த்து வாங்குகிறவர்களையே சமாளித்தவள் நான். இவர் கேட்ட பேரத்தை மட்டும் அதுவரை கேட்டதில்லை.

"வீட்டம்மா எப்பவும் என் வலது பக்கம்தான் நிப்பாங்க. கேமராவுக்கு இடது கண்ணுதான் தெரியும். அது ஒண்ணுக்குப் போட்டுட்டுப் பாதி வாங்கிக்குங்களேன்."

துண்டு

மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகு பண்ணுகிறவர் ஒருநாள் வந்தார். தோளில் பச்சைத் துண்டு, கண்ணுக்குக் கீழே நன்றாகவே பள்ளம். இந்த ஆளுக்கு எதற்கு அழகு என்று நான் மனசில் நினைத்தது அவருக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. "அழகுக்கு இல்லீங்க. கண்ணு உள்ள போயிருந்தா, கஷ்டத்துல விக்க வந்திருக்கான்னு நெனச்சு விலையை அடிச்சுக் கேக்குறானுங்க" என்றார். என் தொழில் ரகசியத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். அப்புறம் பேரம் ஆரம்பித்தது. அவர் இறங்க, நான் ஏற, டாக்டரம்மா இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "நீங்க மட்டும் ஆம்பளையா இருந்தா, சந்தையில மாதிரி துண்டைப் போட்டு மூடி விரலைப் புடிச்சு விலையை எப்பவோ முடிச்சிருப்பேன்" என்று தரகர் அலுத்துக்கொண்டார்.

ஊசி போட்டு முடிந்ததும் எழுந்து போவார் என்று பார்த்தால், குப்பைக் கூடைப் பக்கம் போய் நின்றுகொண்டு மருந்து வந்த டப்பாவைக் கேட்டார். எதற்கு என்றேன். அவர் சொன்ன பதிலால் அன்றிலிருந்து நாங்கள் டப்பாவை ஆளுக்கு முன்னால்தான் பிரிக்கிறோம், கையோடு கொடுத்தனுப்பிவிடுகிறோம்.

"மாட்டுக்கு ஊசி போட்டாக்கூட பாட்டிலை வாங்கிப் பாத்துட்டுத்தான் அவுத்து விடுவோம். எனக்கு என்ன போட்டீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

கண் கறுப்பு

ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர். அகத்துக்காரருக்குக் கோயில் கைங்கர்யம், மாமிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகம். "பெருமாளை சேவிச்சுட்டு வெளில வரச்சே, பாக்கறவா எல்லாம் உடம்புக்கு என்னன்னு விசாரிக்கறா" என்றார். பேரமே பேசவில்லை. இப்படி ஒருவர் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை. டாக்டரம்மா தோலை லேசாக இழுத்துப் பார்த்து, டார்ச் அடித்துப் பார்த்து, இது பள்ளம் இல்லை, நிறம் என்று சொல்லிவிட்டார். கறுப்புக்கு ஜெல் கேட்காது, போட்டால் உப்பிக்கொண்டு நீலம் பாய்ந்தது மாதிரி தெரியும் என்று ஒரு க்ரீமை எழுதிக் கொடுத்து எழுந்திருக்கச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, "கொஞ்சமாவது போட்டு அனுப்பக் கூடாதா? வாடகையை யார் கட்டுறது?" என்று பல்லைக் கடித்தேன். மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்தேன். மாமி செருப்பை மாட்டிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேக்கு ஒண்ணும் வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டா. ஆனா உங்க முகத்தைப் பாத்தா, உங்களுக்குத்தான் ஏதாவது போட்டாத் தேவலைன்னு தோண்றது."

கறுப்புக் கண்ணாடி

ஜெசிந்தா டீச்சர் வந்தது மழை நாளில். வெயிலே இல்லை, ஆனால் கறுப்புக் கண்ணாடி. என் முன்னால் கழற்றியது. இரண்டு கண்ணுக்குக் கீழேயும் புளியங்கொட்டை அளவு கட்டி, சுற்றிலும் நீலம். வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் ஒரே ஒரு நாள் வருகிறார், ஹோட்டல் ரூமில் பாதி செலவில் முடித்துவிடலாம் என்று கூட வேலை பார்க்கிற யாரோ சொல்ல, நம்பி உங்களிடம் வந்திருக்கிறது அந்தப் பெண். முதல் வாரம் நன்றாக இருந்ததாம். பிறகு கட்டி தட்டியிருக்கிறது. மாதா மாதம் பெரிதாகிறது.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து? டீச்சருக்குத் தெரியவில்லை. டப்பாவையே பார்க்கவில்லை, உள்ளே போகும்போதே ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருந்தீர்களாம். ஸ்கேன் எடுத்தோம். ஏதோ இருக்கிறது என்றது, பெயரைச் சொல்லவில்லை. கரைகிற வகை என்றால் அதற்கென்று ஒரு ஊசி இருக்கிறது, கரைத்துவிடலாம். கரையாத வகை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டும். "தெரியாம கண்ணுக்குப் பக்கத்துல நான் குத்த மாட்டேன்" என்று டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டார். மாட்டுத் தரகர் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. டீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சிரிக்கப் பார்த்தது.

"மாதா கோயில்ல பூசைக்குப் போனா நான் உக்கார்ற பெஞ்சே காலியாயிடுதுக்கா. மெட்ராஸ் ஐன்னு நெனச்சுக்கிறாங்க. கிளாஸ்ல பிள்ளைங்கதான் கிட்ட வந்து, 'மிஸ், அழுதீங்களா?'ன்னு கேக்குதுங்க."

போன்

டீச்சரிடம் உங்கள் நம்பர் இருந்தது. என் போனிலிருந்து அடித்தேன். வாயைத் திறக்குமுன் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது: "அக்கா, சண்டை மட்டும் போட்டுறாதீங்க. அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்." அந்தப் பிடிக்காகத்தான் குரலை உயர்த்தவில்லை. இல்லையென்றால் அன்று நீங்கள் கேட்டிருக்கக் கூடிய வார்த்தைகளே வேறு.

ஒரு பெண் எடுத்தது. இன்னொரு தடவை இலவசமாகப் போட்டு மேடு பள்ளத்தைச் சரி செய்துவிடலாம் என்றது. வேண்டாம் என்றேன். பணம் திரும்ப வேண்டாம், போலீஸ் வேண்டாம், உங்கள் பெயர்கூட வேண்டாம், டப்பாவின் மேல் இருந்த பெயர் போதும் என்றேன். பொட்டு விற்ற காலத்தில்கூட நான் இவ்வளவு இறங்கி வந்ததில்லை. அந்தப் பக்கம் போன் கை மாறியது. உங்கள் குரலை அப்போதுதான் கேட்டேன். ஒரே வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள், பிறகு எடுக்கவே இல்லை.

"எல்லாருக்கும் போடுறதைத்தாங்க அந்தம்மாவுக்கும் போட்டேன்."

எல்லாருக்கும் என்றால் எந்தெந்த ஊரில் யார் யார் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்களோ. எங்கள் மாடியில் ஒரு டீச்சர் வாராவாரம் வந்து, ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறது. டாக்டரம்மாவிடம் இரண்டு வழியும் இருக்கிறது, எந்த வழி என்று காட்டுகிற விரல் உங்களுடையது. இப்போதாவது போனை எடுங்கள், அந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணுக்குக்கூட விலை பேசின கவுண்டர் இது, ஆனால் இந்த ஒன்றில் இனிமேல் இறங்கி வர என்னிடம் படியே இல்லை.