இந்தியன் கைவேலை

சுடுதண்ணியில் நனைத்த துணியை மேலே போட்டு, பழைய லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு அடுக்கு ஊறும்வரை இதை எழுதுகிறேன். வீட்டிலிருந்து, ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் துண்டுவேலை செய்கிற அக்காமாருக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் கை மட்டும்தான் எங்களுடையது, பெயர் வேறு ஆருடையதோ.

நான் பின்னுவது ட்ரீம்கச்சர். நாங்கள் வந்து குடியேறின இந்நாட்டுப் பூர்வீகச் சனத்தின் கைவேலை அது. வளையத்துக்குள் வலை பின்னி, இறகு தொங்கவிட்டு, பிள்ளையின் கட்டிலுக்கு மேலே மாட்டுவார்கள். கெட்ட கனவு வலையில் சிக்குமாம். டவுன்ரவுனில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் அண்ணை வளையமும் நூலும் தருவார். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ரில் இருந்து நான் பின்னிக் கொடுப்பேன்.

மாலை முடிச்சு

எனக்கு ஆரும் பழக்கவில்லை. அண்ணை ஒரு சாம்பிளைத் தந்துவிட்டுப் போனார். பின்னல் பிடிபட்டது, முடிச்சு பிடிபடவில்லை. பூமாலை கட்டுகிற முடிச்சையே போட்டுவிட்டேன். இறுகி நின்றது. வேலையால் வந்த என் மனுசன் சப்பாத்தும் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"இஞ்சரும், உது கனவு பிடிக்கவோ, றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாருக்குச் சாத்தவோ?"

தலையாட்டு

ஒரு சனிக்கிழமை கடையில் வேலைக்கு நிற்கிற பிள்ளை வரவில்லையென்று அண்ணை என்னைக் கூப்பிட்டார். மகளை ஸ்ரோலர் வண்டியில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைக்கார அம்மா ஒன்றை எடுத்து, "இந்தியன் கைவேலை" என்று இங்கிலிஷில் இருந்த லேபிளை வாசித்தா. "நீ இந்தியனோ?" என்று கேட்டா. இங்கே பூர்வீகச் சனத்தையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? எங்களைப் பார்த்து அப்படிக் கேட்டால் ரோசம் வருமல்லோ! "நோ, நோ, சிறிலங்கா" என்றேன். அவ அதைத் திருப்பி மாட்டிவிட்டுப் போனா. அண்ணை ஓடி வந்தார்.

"தங்கச்சி, இனி ஆரும் கேட்டா வாய் திறக்காதையும், எங்கட மாதிரித் தலையை மட்டும் ஆட்டும். அது ஓமோ இல்லையோ எண்டு உவைக்குக் கண்டுபிடிக்கேலாது!"

எவடம்?

அன்று பின்னேரம் லொறேன் என்று ஒரு பூர்வீகப் பெண் பையோடு வந்தா. தானே வளைத்த கம்பில் தானே பின்னி, ஒவ்வொன்றிலும் தன் பெயர் எழுதிக் கட்டியிருந்தா. அந்தச் சுவரில் முந்தி அவவின் வேலைதான் தொங்கினதாம். என்னுடையது மலிவு என்று அண்ணை அவவினதை இறக்கிவிட்டார். எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

"இனி வேண்டாம், ஒரு இந்தியன் பிள்ளை செய்து தருகிறா" என்று அண்ணை என்னைக் காட்டினார். தன் சனமென்று நினைத்து லொறேனுக்கு முகம் மலர்ந்தது. "நீ எந்த ஊர்?" என்று கேட்டா. எங்கள் சனம் கண்டவுடன் "எவடம்?" என்று கேட்கிற அதே கேள்வி! நான் தலையை ஆட்டினேன். அவ பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றா. திரும்பவும் ஆட்டினேன். அவ சுவரிலிருந்து ஒன்றை எடுத்து முடிச்சைத் தடவினா. ஏசினாலும் தாங்கியிருப்பேன், ஏசவில்லை.

"நல்ல முடிச்சு, ஆனால் எங்களுடையது இல்லை. உன்னுடைய பெயரையே போடலாமே?"

ஸ்ரைல்

அவ எங்கேயாவது முறைப்பாடு செய்துவிடுவா என்று அண்ணைக்குப் பயம். மற்றக் கிழமையே என் ட்ரீம்கச்சர்ப் பெட்டியோடு புது லேபிள் கொண்டுவந்து தந்தார். "நேற்றிவ் ஸ்ரைல்", அதாவது பூர்வீகச் சனத்தின் பாணி, என்றிருந்தது. பழையதை உரித்து இதை ஒட்டவேண்டுமாம். "அண்ணை, அவவின்ர சாமானைத் திரும்ப மாட்டினா என்ன?" என்று மெல்லக் கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதையும்! ஊரில நாங்கள் எண்ணெயில சுட்ட ரோல்ஸை சைனீஸ் ரோல்ஸ் எண்டு வித்தனாங்கள். எந்தச் சீனன் வந்து கேட்டவன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புத்தான் இன்னும் கூசுகிறது.

உரித்து முடிந்தது. புது லேபிளை இன்னும் பிரிக்கவில்லை. வாயால் ஒரு பொய்யும் சொல்லாமல் தலையாலேயே முழுப் பொய்யும் சொல்லலாம் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் பழகினது, இப்போது கீழே பஸர் அடிக்கிறது, "தங்கச்சி, ஒட்டியாச்சோ?" என்று அண்ணை கூப்பிடுகிறார், இன்ரகொம்மில் தலையாட்டினால் அவருக்குத் தெரியாது, நான் வாய் திறந்து, "இல்லை அண்ணை, ஒட்டமாட்டன்" என்கிறேன்.