சுரங்கத்து இருட்டில் பின்னிய தலை

ஷெரின், டெரன்ஸ், இதை வாசித்துவிட்டு அப்பாவுக்குப் பைத்தியம் என்று சிரித்தாலும் சிரியுங்கள். பேய், ஆவி என்று யாராவது கதைத்தாலே எழும்பிப் போகிற ஆள் நான். ஆனாலும் இது நடந்தது, சத்தியமாக நடந்தது.

அம்மா இறந்துபோனபிறகு வந்த முதல் டிசம்பர் லீவு. கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்தால் ஆளுக்கொரு மூலையில் அழுவோம் என்று உங்களைக் கேகாலைப் பக்கம் கூட்டிப்போனேன். காலையில் ஒரு குகை பார்த்தோம், பிறகு பென்சிலுக்குள் வைக்கிற கரி வெட்டியெடுத்த பழைய சுரங்கம். வாசலில் ஹெல்மெட் தந்தார்கள். ஷெரின், நான் அள்ளி முடிந்த கொண்டைக்கு மேல் அது இருக்கவேயில்லை. அம்மாவுக்குப் பிறகு உன் தலை என் கையில்தான். பின்னத் தெரியாமல் தினமும் உன்னை அழவைத்தேன். கொண்டையை அவிழ்த்து அப்படியே விட்டேன்.

கூட்டிப்போன கைட் சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரியும். அடியில் ஓரிடத்தில் நிறுத்தி, சுவரோரம் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார்.

"இப்ப லைட் எல்லாம் ஓஃப் பண்றது. ரெண்டு கையாலயும் கயித்தப் புடிங்க. விடுறது இல்ல, அது பழைய ஆக்கள் வச்ச சட்டம்."

முன்னால் அவர், பிறகு டெரன்ஸ், ஷெரின், கடைசியில் நான். எனக்குப் பின்னால் வெறும் பாறை.

இருட்டென்றால் அப்படியொரு இருட்டு. நம்பினால் நம்புங்கள், என் இரண்டு கையும் கயிற்றில்தான் இருந்தன.

வெளிச்சம் வந்ததும் அவர் திரும்பிப் பார்த்து ஏசினார். "மாத்தயா, கயித்த விட வேணாம் சொன்னதுதானே! மகளுக்குத் தல பின்ற நேரமா இது?"

பார்த்தேன். உன் முதுகில், இறுக்கமாக, நேராக, நாலுகால் பின்னல். மூன்றுகாலே ஒழுங்காக வராதவன் நான். அது அம்மாவின் பின்னல்.

"அப்பா, இண்டைக்கு நோகவே இல்ல" என்றாய் நீ.

"இருட்டிலதான் அப்பாக்குக் கை வருது போல" என்று டெரன்ஸ் பகிடி பண்ணினான்.

நான்தான் பின்னினேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

தலை முழுகும்வரை அதை அவிழ்க்க நீ விடவில்லை. பிறகு சீப்போடு வந்து, "அண்டைக்கு மாதிரிப் பின்னுங்கோப்பா" என்று நின்றாய். என்னால் முடியவில்லை. நீ சீப்பை வாங்கிக்கொண்டு போனாய்.

இன்றைக்கும் என்னை உலுப்புவது ஒன்றுதான். கரண்ட் போனால் மெழுகுதிரி இல்லாமல் குசினிக்குக்கூடப் போகாத மனுசி அம்மா. அவ்வளவு ஆழத்துக்கு, அந்த இருட்டுக்குள், எப்படித் தனியாக வந்தா?

ஸ்கூல் துவங்கிய அன்று, நீங்கள் போனதும் கதவைப் பூட்டினேன். அம்மாவின் சேலையொன்றை நாலாகக் கிழித்து, ஜன்னல் கம்பியில் முடிந்து, நாலுகால் பின்னலைப் பழகத் தொடங்கினேன்.