மஞ்சள் கோட்டின் முன் நின்றவர்

பார்க்கின்சன் நோயாளிகளின் நடையை ஆராயும் வேலையாக வல்லம் வடகாலில் முன்னாள் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்ட பிறகும் கம்பெனிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

நடுவழியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் இந்நோயாளிகள், குறுக்கே கோடுகள் இருந்தால் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்கள். தரையில் மஞ்சள் நாடாக்களை ஒட்டிவிட்டு, "வாங்கய்யா" என்றேன். முதல் நாடாவிலேயே நின்றுவிட்டார். 'கால் உறைந்தது' என்று படிவத்தில் எழுதினேன்.

"இன்னாம்மா, மஞ்சக் கோட்டைத் தாண்டச் சொல்ற? அந்தாண்ட மெஷின் ஓடுமே! இருபது வருஷத்துல ஒருநாளும் தாண்டுனதில்ல."

மஞ்சளை உரித்துவிட்டு வெள்ளை நாடாக்களை ஒட்டினேன். ஒவ்வொன்றாகத் தாண்டி வாசல்வரை வந்தார்.

எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தேன், மனம் வரவில்லை. அவர் கால் உறைந்தது உண்மைதான். நோய் வருவதற்கு இருபது வருடம் முன்பே.