துணி என்று சொல்லி விற்ற பை

பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது தப்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மழைக்கே, சாலை என்கிற எங்கள் கடைத்தெருவில் ஓடை அடைத்துக்கொண்டு, என் துணிக்கடைக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியதைக் கண்டவன் நான். நல்ல காரியம் என்றுதான் சொன்னேன். வினை அதற்குப் பிறகுதான் வந்தது.

பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் துணி மாதிரி ஒரு பை வந்தது. தொட்டால் மெத்தென்றிருக்கும், கிழித்தால் நார் தெரியும். இறக்குமதி வரி குறைந்ததும் அந்தச் சரக்கு சுருள் சுருளாகக் கப்பலில் வந்து மலிவாக இறங்கியது. நிஜமான பருத்திப்பை அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. எங்கள் தெருவில் அதைக் கொண்டுவந்து விற்றவர் என் மனைவியின் அண்ணன். வியாபாரிகள் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். இது துணியாக்கும் என்று அவர் சொன்னால் தெருவே கேட்கும். நாங்களும் கேட்டோம். என் மனைவி நகைக்கடை வேலையை விட்டுவிட்டு, கரமனையில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, மூன்று பெண்களோடு பை தைக்க ஆரம்பித்தாள். வேலையை விடு என்று சொன்னவனே நான்தான்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் மச்சான் தன் குடோனில் இருந்த சுருள் முழுவதையும் எங்கள் வீட்டில் இறக்கினார். விலை ஏறப்போகிறது, தங்கச்சியிடம் இருக்கட்டும் என்றார். நாங்கள் மனம் குளிர்ந்து, முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து, அவருக்கு மத்தியானச் சாப்பாடு வேறு போட்டோம்.

பத்தே நாளில் நகரசபை ஆள் வந்தார். ஒரு பையை எடுத்து லைட்டரைக் காட்டினார். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாக வேண்டும். இது உருகிச் சொட்டியது. இதுவும் பிளாஸ்டிக்தான், இதற்கும் தடை வந்தாயிற்று, சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொன்னோமே என்றார் மலையாளத்தில். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நூலைக் கொளுத்திப் பார்க்காமல் ஒரு முழம் துணி வாங்காதவன் நான். சொந்தக்காரர் கொடுத்த சரக்கை எரித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்தால், எதிர்க்கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அந்தப் பிளாஸ்டிக்கை ஏன் என்று கேட்க ஆளில்லை. கம்பெனிக்காரனுக்கு ஒரு நியாயம், வீட்டில் தைத்தவளுக்கு ஒரு நியாயம். வயிறெரிந்தது. ஆனாலும் மச்சான் செய்ததற்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

மூன்று பெண்களையும் அனுப்பிவிட்டு என் மனைவி பழைய வேலையைக் கேட்டு நகைக்கடைக்குப் போனாள்; நானும் கூடப் போனேன். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து நேராக அண்ணன் கடைக்குப் போனோம். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"இதுக்கும் தடை வரப்போவுதுன்னு சொன்னப்போ நீங்க மீட்டிங்குல இருந்தீங்களாண்ணே?"

இருந்தேன் என்றார்.

"பொறவு ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சொன்னா நீ எடுத்திருப்பியா மக்கா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல்ல" என்றார்.