யார் போட்ட பாஸ்வேர்ட்

பென்டிரைவில் லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றி, அதை வைத்து அக்காவின் லேப்டாப்பைத் தொடங்கிப் பார்க்கலாம் என்ற யோசனை, பாலிடெக்னிக்கிலிருந்து எலப்புள்ளிக்குத் திரும்பும் பஸ்ஸில், ஒற்றைக் கையில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். பென்டிரைவிலிருந்து எழுப்பி, ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டால் போதும். இது ஏன் மூன்று நாளாகத் தோன்றவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. அன்றைய கோபக் கணக்கில் அது முதலாவது.

அக்கா எல்லைக்கு இந்தப் பக்கம், மலையாள மண்ணில் இருக்கும் தமிழ் மீடியம் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் வரும் கேள்வி பதில் தொகுப்பெல்லாம் மலையாளத்தில் வரும், இங்கிலீஷில் வரும். தமிழில் வரும்போது பரீட்சை முடிந்திருக்கும். அதனால் ஜூன் மாதத்திலிருந்து அவளே உட்கார்ந்து, பாடம் பாடமாகத் தமிழில் டைப் செய்துகொண்டிருந்தாள். மூன்று பாடம்தான் பிரின்ட் எடுத்திருந்தாள். திங்கட்கிழமை ரிவிஷன் வகுப்பு தொடங்குகிறது. லேப்டாப்போ லோகோவைக் காட்டுகிறது, வட்டம் சுற்றுகிறது, அணைகிறது, மறுபடி லோகோவைக் காட்டுகிறது.

"காப்பி வெச்சிருக்கேன் புள்ள, டி டிரைவுல இருக்குது" என்றாள்.

டி டிரைவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்று சொன்னதும் அவள் முகம் சுருங்கிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் பென்டிரைவைத் தயார் செய்தேன். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை, லேப்டாப் எழுவதற்கு முன்பே வரும் பயாஸ் செட்டிங்கில்தான் மாற்ற வேண்டும். பவரை அமுக்கி, எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நீலத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்டது.

"இதென்னக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நா ஒண்ணும் போடலியே."

அவள் பிறந்தநாளைப் போட்டேன், பள்ளிக்கூடத்தின் பேரைப் போட்டேன், ஒன்றிலிருந்து எட்டு வரை போட்டேன். மூன்றாவது தப்போடு திரை உறைந்துபோனது. அணைத்துவிட்டு மறுபடி, மறுபடி. எதிலிருந்து தொடங்கலாம் என்று பட்டியல் காட்டும் எஃப்12-ஐ அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை.

ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய லேப்டாப் அது, பொள்ளாச்சியில் வாங்கியது. விற்ற கடைக்காரன் பூட்டை எடுக்காமலே தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை, அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

கடைக்காரர் எதற்கும் அசையவில்லை. ஒரு கீபோர்டின் இடுக்கில் பிரஷ் விட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, பாஸ்வேர்ட எடுக்காமயே விப்பீங்களா? ஒரு டீச்சரோட வருசத்து வேல உள்ள மாட்டிக் கெடக்குது."

"ஏங் கண்ணு, உனக்கு வித்தப்ப இதுல சிஸ்டம் ஏத்துனது ஆரு?"

"நீங்கதான்."

"எதுல இருந்து ஏத்துனேன்?"

"பென்டிரைவுல."

"இந்தப் பூட்டு அப்பவே இருந்திருந்தா நா எப்படி ஏத்தியிருப்பேன்? சொல்லு பாக்கலாம்."

அவர் லேப்டாப்பை வாங்கி, இரண்டு மூன்று முறை போட்டு அணைத்துப் பார்த்தார்.

"பயாஸப் பூட்டி, எஃப்12-ஐ நிறுத்தி, பென்டிரைவையும் அடச்சு உட்டிருக்குது. ஆரோ வெவரமானவிய பாத்த வேல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அர வெவரம். முழு வெவரம் இருந்தா எழுதி வெச்சிருப்பாங்க. அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தரலாம்னு பாத்தா அதுக்கும் வழியில்ல."

அழிப்பதைத் தவிர வேறு வைத்தியமே தெரியாதா என்று எரிச்சலோடு லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் செக்போஸ்டில் நின்றது. யாருடைய மூட்டையையோ இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன ஓணம் லீவில் மாமா வீட்டுப் பிள்ளைகள் வந்து, பென்டிரைவில் எதையோ கொண்டுவந்து செருகி அக்காவின் லேப்டாப்பில் கேம் ஏற்றிவிட்டார்கள். நோட்ஸுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குத் தாங்கவில்லை. பத்து நிமிஷ வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் சொன்ன மூன்றையும் வரிசையாகச் செய்து முடித்தேன். பாஸ்வேர்ட், எஃப்12, பென்டிரைவ். மறக்க மாட்டேன் என்று எழுதி வைக்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை. அடுத்த வாரமே வேறு எதையோ நோண்டப் போய்விட்டேன். நோட்ஸைக் காப்பாற்றப் போட்ட பூட்டு. யாரைத் திட்ட? பஸ் ஜன்னல் கம்பியை அப்படியே பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

வீட்டில் அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"பாஸ்வேர்ட் நாந்தாங்க்கா போட்டேன். ஓணத்துக்கு, ஒரு வீடியோவப் பாத்து. என்னன்னு மறந்துபோச்சு."

பேனா நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"இல்ல."

"பூட்டறதுக்கு வீடியோ பாத்தியே, தொறக்கறதுக்கு ஒண்ணு பாத்திருக்கலாமில்ல?"

திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவள் விடைத்தாள்களைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு புது நோட்டை எடுத்து, நான்காம் பாடத்தின் முதல் கேள்வியைக் கையால் எழுத ஆரம்பித்தாள். மொத்தம் எத்தனை பாடம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேனாச் சத்தத்தைக் கேட்கக் கேட்க என் காது சூடானது.

லேப்டாப்பைக் குப்புறப் போட்டேன். அடியில் பதினொரு ஸ்க்ரூ. நேற்றிலிருந்து எஃப்2, எஃப்2 என்று முன்வாசலையே இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், முட்டாள். நான் பூட்டியது மதர்போர்டை; டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்தப் பூட்டு குறுக்கே வராது. டிஸ்க்குக்குத் தனியாக எந்தப் பூட்டும் போடவில்லை. போட்டிருந்தால் பவர் போட்டதுமே அதையும் கேட்டிருக்கும். டிஸ்க்கே செத்திருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் இப்போது யோசிக்கப் போவதில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை. பாலிடெக்னிக் லேபில், டிஸ்க்கை யுஎஸ்பி-யில் மாட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. லேப் அசிஸ்டென்ட் காலை பத்து மணிக்குத் திறப்பார். இந்தப் பதினொரு ஸ்க்ரூவையும் இப்போதே கழற்றி, வரிசை மாறாமல் காகிதத்தில் ஒட்டி வைக்கிறேன். எது எங்கே என்று இந்த முறை எழுதியும் வைக்கிறேன்.